எதற்குப் பதிவு?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் இரண்டு நண்பர்களும் பிரதான வீதியில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கணினி, கணக்கியல், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று மூன்று டிப்ளோமா நடத்த யோசனை. இரண்டு வருடம் போனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து பட்டமும் கொடுக்கலாம் என்கிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு எடுத்தாயிற்று, பெயர்ப்பலகைக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. "இனி எங்கெங்கே பதிய வேண்டும்? யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அனுமதி வேண்டுமா? பெயரில் கெம்பஸ் என்று போடலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் கையில் இருக்கிற கடதாசியை ஒரு தடவை வாசியுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்னார், இந்த முகவரியில், இந்தப் பெயரில் தொழில் செய்கிறார். பலசரக்குக் கடைக்கும் அதே கடதாசிதான், சலூனுக்கும் அதே கடதாசிதான். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டி, துண்டுப்பிரசுரத்தில் 'அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட கல்வி நிறுவனம்' என்று அச்சடித்த இடங்களை நான் இந்தக் கரையோரம் முழுக்கக் கண்டிருக்கிறேன். பொய் என்றும் சொல்ல முடியாது. பதிவு செய்யப்பட்டதுதான். எதற்குப் பதிவு என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

'பதிவு' என்ற சொல் நம்மூரில் ஐந்து வேலை பார்க்கிறது. வியாபாரப் பெயர்ப் பதிவு ஒன்று. கம்பனிப் பதிவு ஒன்று. மாநகர சபையோ பிரதேச சபையோ கொடுக்கும் வியாபார அனுமதியையும் சிலர் பதிவு என்றே சொல்வார்கள். பயிற்சி நிறுவனமாகப் பதிவது நாலாவது. பட்டம் வழங்குவதற்கு வர்த்தமானியில் பெயர் வருவது ஐந்தாவது. முதல் மூன்றும் கதவைத் திறந்து மேசை போட்டு உட்காருவதற்கு. பிள்ளையின் கையில் நீங்கள் கொடுக்கும் கடதாசிக்கு மதிப்பு வருவது கடைசி இரண்டால்தான். இதில் உங்களுக்கு எது வேண்டும் என்பது எவ்வளவு முதல் போட்டீர்கள், எத்தனை மாடி என்பதைப் பொறுத்ததல்ல. கற்கை முடிந்த அன்று கொடுக்கப்போகும் சான்றிதழின் தலைப்பில் என்ன சொல் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. டிப்ளோமா என்றால் கொழும்பு நாரஹேன்பிட்டவில் இருக்கும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். பட்டம் என்றால் உயர்கல்வி அமைச்சுக்கு.

யு.ஜி.சி. என்று எல்லோரும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அரச வேலைக்கான விண்ணப்ப அறிவித்தல்களில் 'பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்' என்ற வரி வந்து வந்து, அது ஏதோ பொருட்களுக்குக் குத்தும் எஸ்.எல்.எஸ். தர முத்திரை போலவும், எந்த நிறுவனமும் போய்க் கேட்டால் குத்திக் கொடுப்பார்கள் போலவும் ஆகிவிட்டது. ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வந்தது. அரச பல்கலைக்கழகங்களுக்கு நிதி பகிர்வது, ஏ.எல். முடித்த பிள்ளைகளை இசட் புள்ளி பார்த்துப் பிரித்து அனுப்புவது, தரத்தைக் கவனிப்பது அதன் முக்கிய வேலைகள். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும், உங்களுக்குப் பக்கத்தில் 1995இல் கல்லூரியாக வந்து அடுத்த வருடமே, இப்போது ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானதும் அந்தச் சட்டத்தின் வழியில்தான். மேல்மாடியில் டிப்ளோமா நடத்துபவருக்கு யு.ஜி.சி.யில் பதிவு என்று ஒன்று கிடையாது. 'யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா' என்று உங்கள் துண்டுப்பிரசுரத்தில் யாராவது எழுதித் தந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

இனி நாரஹேன்பிட்ட. அங்கே 'நிபுணதா பியச' என்ற கட்டடத்தில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது. நாங்கள் டி.வி.ஈ.சி. என்போம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிற்பயிற்சி நடத்துகிற எந்த நிறுவனமும், அரசோ தனியாரோ அரச சார்பற்ற நிறுவனமோ, அங்கே பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். காசு வாங்காமல் நடத்தினாலும் அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு கல்லாறிலிருந்து வாகரை வரைக்கும் தையல், மேசன், தச்சு என்று எத்தனை வகுப்புகள் நடந்தன, நினைவிருக்கும். முடித்தவர்களுக்கு வழவழப்பான தாளில் நிறுவனத்தின் சின்னம் பொறித்த சான்றிதழ் கிடைத்தது. நிறுவனங்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, அந்தச் சான்றிதழ்களில் பலவற்றைப் பற்றி விசாரித்துக் கேட்க ஒரு தொலைபேசி இலக்கம்கூட மிஞ்சவில்லை. ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போவதற்காக அப்படியொன்றை என்னிடம் கொண்டுவந்து, இதற்கு எங்கே முத்திரை குத்துவது என்று கேட்டார். நல்ல மேசன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதிவு இலக்கம் என்று ஒன்று எங்கேயும் இல்லை.

விண்ணப்பம் எழுதுவது பெரிய விஷயமில்லை. ஆணைக்குழுவிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், அதுதான் உண்மையான பரீட்சை. மட்டக்களப்பு நகரில் நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்துக்கு அப்படி வந்த நாளைச் சொல்கிறேன். இருவர் வந்தார்கள். தேநீர் குடித்து முடிக்கும் முன்னமே ஒருவர் நாடாவை எடுத்து வகுப்பறையை அளக்கத் தொடங்கிவிட்டார். இத்தனை சதுர அடிக்கு இத்தனை பிள்ளைகள் என்று எழுதியிருந்தோமே, அது சரிதானா என்று பார்க்க. விண்ணப்பத்தில் இருபது கணினி. மற்றவர் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். பதினேழுதான் எழும்பியது. மூன்றுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, மற்றதைத் திருத்துவதற்காக எங்கள் ஆட்களே கழற்றியிருந்தார்கள். அப்புறம் மலசலகூடம், பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா, பூட்டு வேலை செய்கிறதா என்று. தீயணைக்கும் சிலிண்டரின் திகதி போன வருடத்தோடு முடிந்திருந்தது.

ஆனால் எங்களை மாட்டியது கணினியும் அல்ல, சிலிண்டரும் அல்ல. ஆசிரியர் கோப்பு. ஒவ்வொரு போதனாசிரியருக்கும் நியமனக் கடிதம், கல்வித் தகைமை, தொழில் அனுபவம் எல்லாம் இருக்க வேண்டும். ஒருவருடைய சான்றிதழ் போட்டோ கொப்பியாக மட்டும் இருந்தது. மூலத்தைக் காட்டுங்கள் என்றார்கள். ஆள் பழுகாமத்தில், தொலைபேசியை எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியனை அனுப்பினோம். அவன் மண்டூர்ப் பக்கம் சுற்றித் தேடிக் கொண்டுவரும்போது மாலை ஐந்து மணி, வந்தவர்கள் போய்விட்டார்கள். பதிவு நாலு மாதம் தள்ளிப்போனது. முழுக்க எங்கள் பிழை. ஆகவே தம்பி, கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் ஆசிரியர்களின் கோப்பைத் திறந்து வையுங்கள். மூன்று டிப்ளோமாவுக்கும் யார் படிப்பிக்கப்போகிறார்கள் என்று நீங்கள் கேள்வியில் ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தேன்.

பதிவு கிடைத்தால் ஓர் இலக்கம் வரும், அதற்கு முடிவுத் திகதியும் இருக்கும். புதுப்பிக்க வேண்டும். நிறைய இடங்களில் சுவரில் தொங்குவது காலாவதியான சான்றிதழ்தான். தூசி படிந்த கண்ணாடிக்குள் திகதியை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்கலாம் என்பதை இப்போது பெற்றோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே இன்னொரு முடிச்சு. நிறுவனம் பதிவது வேறு, கற்கைக்குத் தரச்சான்று வாங்குவது வேறு. முதலாவது உங்கள் இடத்துக்கு. இரண்டாவது, அந்த இடத்தில் நடக்கும் குறிப்பிட்ட கற்கைக்கு. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் நிறுவனம் பதிந்தால் மட்டும் போதாது. கற்கை தேசியத் தகுதி நியமத்தின்படி அமைந்து, அக்ரெடிடேஷன் என்ற அந்தத் தரச்சான்றைப் பெற்று, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் பிள்ளையைச் சோதிக்க வேண்டும். என்.வி.கியூ. ஏழு மட்டங்கள் கொண்டது. ஒன்று முதல் நாலு வரை சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழு பட்டத்துக்குச் சமம். பதிவு மட்டும் பெற்ற நிறுவனமும் தன் பெயரில் டிப்ளோமா கொடுக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். ஆனால் அது உங்கள் நிறுவனத்தின் டிப்ளோமா. நாட்டின் தகைமைச் சட்டகத்துக்குள் அதற்கு இருக்கை கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை செங்கலடிப் பக்கம். ஒரு நிறுவனத்தில் ஒன்றரை வருடம் டிப்ளோமா படித்தாள். நிறுவனம் முறையாகப் பதிந்ததுதான், திகதியும் சரி. நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைக் கையில் வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, "என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம் மகள்?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. படிக்கிற காலத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'அரசாங்கப் பதிவு பெற்ற டிப்ளோமா' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பதிவு நிறுவனத்துக்கு, டிப்ளோமாவுக்கு அல்ல. ஒரு எழுவாயை மாற்றிப் போட்டதில் ஒன்றரை வருடம் போயிற்று.

டிப்ளோமா என்ற சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகம் பன்னிரண்டு மட்டங்கள் கொண்டது. ஓ.எல். முதலாவது, ஏ.எல். இரண்டாவது, கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாவது. டிப்ளோமா மூன்றாவது மட்டம், 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு, ஆக 1500 மணித்தியாலம். வகுப்பு, செய்முறை, வீட்டில் தானாகப் படிப்பது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இப்போது ஆறு மாதம், சனி ஞாயிறு, தலா நாலு மணித்தியாலம் என்று விளம்பரம் செய்யும் டிப்ளோமாவை எடுங்கள். இருபத்தாறு வாரம், எட்டு மணித்தியாலம்: 208. பிள்ளை வீட்டில் அதைப்போல இரண்டு மடங்கு படித்தாலும் பாதிக்குக்கூட வராது. அதற்குச் சான்றிதழ் கற்கை என்று பெயர் வைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் சான்றிதழ் கற்கைக்கு டிப்ளோமாவின் கட்டணம் வாங்க முடியாது என்பதுதான் பிரச்சினை, எனக்கும் தெரியும்.

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி பற்றித் தனியாக ஒன்று. முன்பள்ளிகள் மாகாண சபையின் கைக்குள் வருகிற விஷயம். கிழக்கு மாகாணத்தில் அதற்கென்று பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இருக்கிறது. எந்தப் பயிற்சி பெற்றவரை முன்பள்ளி ஆசிரியராக ஏற்பார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பாடத்திட்டம் எழுதுங்கள். தலைகீழாகச் செய்தால் டிப்ளோமா கையிலும் பிள்ளை வீட்டிலும் இருக்கும்.

கணக்கியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். உங்களுக்குப் பக்கத்தில் சம்மாந்துறையிலும், இந்தப் பக்கம் ஆரையம்பதி கோவில்குளத்திலும், அம்பாறையில் ஹார்டி என்ற பெயரிலும் உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகங்கள் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை, உயர் தேசிய டிப்ளோமா கொடுப்பவை. முழுநேரமாகப் படித்தால் கட்டணமில்லை. மட்டக்களப்பில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு ஒரு பிள்ளை காசு கட்டி உங்களிடம் ஏன் வர வேண்டும்? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் மற்றப் பத்திரங்கள் எல்லாம் சுலபம்.

சரி, பட்டத்துக்கு வருவோம். இரண்டு வருடத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். தனியார் நிறுவனம் இலங்கையில் தானே பட்டம் வழங்குவதற்கான வழி 1985இல்தான் திறந்தது. அந்த ஆண்டின் 7ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 25ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி அமைச்சர் ஒரு நிறுவனத்தைப் பட்டம் வழங்கும் நிறுவனமாக ஏற்று, கட்டளையாக வர்த்தமானியில் வெளியிட வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது உயர்கல்வி அமைச்சின் பக்கம், செயலாளரின் பொறுப்பில். மூத்த பேராசிரியர்கள் குழுவாக வந்து நிறுவனத்தைப் பார்ப்பார்கள், பிறகு ஒவ்வொரு பட்டத்தின் பாடத்திட்டத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மூன்று வருடப் பட்டம் என்றால் சட்டகத்தின் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட். நாலு வருடச் சிறப்புப் பட்டம் என்றால் ஆறாம் மட்டம், 120. முழுநேர விரிவுரையாளர்களின் தகைமை, நூலகம், ஆய்வுகூடம், கணக்கறிக்கை எல்லாம் தோண்டுவார்கள். மாலபேயில் இருக்கும் எஸ்.எல்.ஐ.ஐ.டி., ஹோமாகமவில் இருக்கும் என்.எஸ்.பி.எம். இரண்டும் இந்த வழியில் ஏற்கப்பட்டவை. அவற்றின் அளவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு வருடக் கணக்கு தானாக மாறும்.

இதில் பெற்றோர் தவறவிடுகிற நுணுக்கம், வர்த்தமானி நிறுவனத்தின் பெயரோடு நிற்பதில்லை, பட்டத்தின் பெயரையும் சொல்கிறது. ஒரு நிறுவனம் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு ஏற்கப்பட்டிருக்கலாம். அதே நிறுவனம் அடுத்த மாடியில் நடத்தும் வேறொரு பட்டத்துக்கு அந்தக் கட்டளை நிழல் தராது. அதிவிசேட வர்த்தமானி மூன்று மொழியிலும் வரும், அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் தரவிறக்கி வாசிக்கலாம். தமிழில் வாசிப்பது சில நேரம் ஆங்கிலத்தை விடக் கஷ்டம் என்பது வேறு கதை.

நீங்கள் நினைப்பது ஆனால் இந்த வழியை அல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு இங்கே படிப்பிப்பது. இது ரொம்பக் காலமாக நடக்கிற வியாபாரம்தான். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்கள் 1858இலேயே தொடங்கிவிட்டன. இங்கே பட்டம் கொடுப்பவர் நீங்கள் அல்ல, கடல் கடந்து இருக்கும் பல்கலைக்கழகம். நீங்கள் படிப்பிக்கிறீர்கள். இந்த வித்தியாசத்தால்தான் நிறைய நிறுவனங்கள் வெறும் கம்பனியாகப் பதிந்துகொண்டு 25ஏ பக்கம் போகாமலே நடத்த முடிகிறது. அதே வித்தியாசத்தால்தான் பிள்ளைகள் விழுகிற குழியும் இங்கே இருக்கிறது.

மூன்று விஷயத்தைத் தனித்தனியாகப் பிடியுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்த நாட்டில் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா? உண்டென்றால், அதை வேறு நாட்டில் இன்னொரு நிறுவனத்தின் வழியாகச் செய்ய அனுமதி உண்டா? அதுவும் உண்டென்றால், உங்கள் நிறுவனத்தை, இந்த முகவரியில், இந்தக் கற்கைக்காக ஏற்றிருக்கிறார்களா? இங்கிலாந்து என்றால் முதல் கேள்விக்கு அங்குள்ள மாணவர் அலுவலகத்தின் (Office for Students) பதிவேட்டைப் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஒழுங்குபடுத்தும் அமைப்பு அது, பதிவேடு யாரும் பார்க்கக்கூடியது. எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) போன்ற தகைமைகள் என்றால் ஒஃப்குவால் என்ற வேறு அமைப்பு, வேறு பதிவேடு. இந்தியா என்றால் அவர்களுடைய யு.ஜி.சி., 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அது வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. தொலைக்கல்விப் பட்டங்களை முகவர் மூலம் ஃபிரான்சைஸ் முறையில் நடத்துவதையும் அது ஏற்பதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு கைப்பையோடு யாராவது உங்கள் மேல்மாடிக்கு ஏறி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்குள்ள யு.ஜி.சி. வெளிநாட்டுப் பட்டத்தை எப்படிப் பார்க்கிறது? அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் உலகத் தரவுத்தளத்திலோ இருக்கிறதா என்று பார்க்கும். 'யு.ஜி.சி. அங்கீகரித்த வெளிநாட்டுப் பட்டம்' என்று விளம்பரங்கள் சொல்வதன் உள்ளடக்கம் அனேகமாக இவ்வளவுதான். அது பல்கலைக்கழகத்தைப் பற்றிய பேச்சு. அக்கரைப்பற்றில் அதைப் படிப்பிக்கும் இடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

தொழில்முறைச் சபைகள் இன்னொரு பூட்டு. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்றவற்றில் பட்டம் வேறு, தொழில் செய்யப் பதிவது வேறு. மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பட்டம் வழங்க அரசு ஏற்றது, வர்த்தமானியும் வந்தது. இலங்கை மருத்துவ சபை பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரியில் பட்டதாரிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அரச மருத்துவ பீடங்களின் மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். உயர் நீதிமன்றம் 2018இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்வதற்குள் நிறுவனமே மூடும் நிலைக்கு வந்து, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். அமைச்சு ஒரு பக்கம், சபை ஒரு பக்கம், நடுவில் காணியை ஈடு வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பங்கள். நீங்கள் மருத்துவம் நடத்தப்போவதில்லை. ஆனால் தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். முதலில் சபையிடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்காமல் ஒரு பிள்ளையையும் சேர்க்காதீர்கள்.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் கூட்டு என்றால் வெறும் பெயர்ப் பதிவோடு நிற்காமல் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதியுங்கள். நாளைக்கு ஒருவர் விலகினால் நட்பும் நிறுவனமும் ஒன்றாக உடையாது. அமைச்சுப் பக்கம் போகிற நாளிலும் அதுதான் உதவும். ஆசிரியர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுங்கள். நீங்கள் 12 வீதம், அவர் சம்பளத்தில் 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். 'வருகை விரிவுரையாளர்' என்று எல்லோருக்கும் பெயர் வைத்துத் தப்பிக்கப் பார்ப்பவர்கள், பிறகு முழுநேர ஆசிரியர் எத்தனை பேர் என்ற கேள்வியில் முழிப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை வருடா வருடம் எழுதாமல் நீண்ட காலத்துக்கு எழுதுங்கள். ஒரு வருடத்தில் வெளியேற்றக்கூடிய கட்டடத்தில் ஒன்றரை வருடக் கற்கையை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

பணம் திருப்பிக் கொடுக்கும் விதியை எழுதி வையுங்கள். முதல் தவணை கட்டியபின் பிள்ளை விலகினால் எவ்வளவு, நீங்கள் கற்கையை நிறுத்தினால் எவ்வளவு என்று. நம்மூரில் இதைப் பேசுவதை அபசகுனம் போல நினைக்கிறார்கள். கலியாணத்துக்கு முதல் நாள் விவாகரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பரவாயில்லை, பேசுங்கள். சந்தேகம் உள்ள பெற்றோர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் டி.வி.ஈ.சி.யிடமும் அமைச்சிடமும் உங்களைப் பற்றிக் கேட்டு எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கடிதம் போனால் உங்கள் கோப்பில் என்ன இருக்கும் என்று இப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

இனிப் பெயர். 'பல்கலைக்கழகம்' என்று எழுதவே வேண்டாம். 'கெம்பஸ்' என்று எழுதுகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், உங்களை மட்டும் தடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுத மாட்டேன். ஒலுவிலில் கெம்பஸ் என்றால் என்ன என்று அக்கரைப்பற்றுப் பிள்ளைக்குத் தெரியும், பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறது. உங்கள் படியேறி வந்து இரண்டு வகுப்பறையும் ஒரு வரவேற்பு மேசையும் பார்க்கும்போது முதல் நாளே நம்பிக்கையில் ஒரு ஓட்டை விழும். பெரிய கட்டடத்தாலும் அந்தச் சொல் வந்துவிடாது. பொலன்னறுவைக்குப் போகிற வழியில் புணானையில் 'மட்டக்களப்பு கெம்பஸ்' என்று எழும்பிய கட்டடத் தொகுதியைக் கண்டிருப்பீர்கள். 2019இல் பாராளுமன்றக் குழு வரை விவாதம் போனது, 2020இல் கொரோனா தனிமைப்படுத்தல் நிலையமாகப் பேருந்து பேருந்தாக ஆட்களை இறக்கினார்கள். அவ்வளவு சீமெந்துக்கும், எந்தச் சட்டத்தின் கீழ் யார் பட்டம் கொடுப்பது என்ற கேள்விதான் முதலில் நின்றது.

'கல்வி நிலையம்', 'பயிற்சி நிறுவகம்' என்று ஏதாவது ஒன்றை வையுங்கள். பெயர்ப்பலகைக்கு ஏற்கனவே முற்பணம் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, ஆளிடம் பேசி, பெயருக்குக் கீழே ஒரு சாண் இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். நாரஹேன்பிட்டவிலிருந்து இலக்கம் வந்த அன்று ஏணியை வைத்து அதை எழுதிக்கொள்ளலாம். அதுவரை பிள்ளைகளிடம் அனுமதிக் கட்டணம் வாங்க வேண்டாம்.